காலுக்குத் தெரியும்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்தவர்கள் முதலில் வாங்கிய திட்டு எல்லோருக்கும் ஒன்றுதான். "குனிஞ்சு பாக்காதீங்க! ரோட்டப் பாருங்க. எது பிரேக்குன்னு காலுக்குத் தெரியும்." இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. நேரில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'காலுக்குத் தெரியும்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது. கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூர ஒரு பெருமைதான்.

பெருமை இருக்காதா பின்னே? பாதி வாழ்க்கையை அவர் அந்த ஓட்டாத பக்கத்து சீட்டில்தான் கழித்திருந்தார். அந்தப் பக்கத்தில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அதை அவர் மிதிக்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். வாய் ஊர்க்கதை பேசும், கால் தன் வேலையைப் பார்க்கும். முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவார். "பயப்படாதீங்க. நீங்க எதை மாத்தி மிதிச்சாலும் இந்தப் பக்கம் நான் இருக்கேன்." கைகால் உதறியபடி வந்தவர்களுக்குக்கூட அதைக் கேட்டதும் கொஞ்சம் தைரியம் வந்துவிடும்.

அந்தக் கார்தான் இப்போது அவர் மச்சினனின் பட்டறைக்குப் பின்னால் மூஞ்சி நசுங்கிக் கிடந்தது.

நடந்தது இதுதான். மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் அவரிடம் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். "உனக்கெல்லாம் வராது" என்று புருஷன் சொன்னதற்காகவே வீம்புக்குச் சேர்ந்தவள். கடைத்தெரு வளைவில் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வர, பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். கார் பாய்ந்துபோய் ஒரு பூட்டிய கடையின் தூணில் மோதியது. சைக்கிள்காரன் தப்பித்தான். அவளுக்குக் கை மணிக்கட்டு முறிந்தது, மாஸ்டருக்கு நெஞ்சில் பெல்ட் அழுத்திய காயம். நடைபாதையில் உட்கார்ந்து அவள், "நான்தான், நான்தான் மாத்தி மிதிச்சுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளே ஒத்துக்கொண்ட பிறகு மேற்கொண்டு யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

"நானும் மிதிச்சேன். அதுக்குள்ள இடிச்சிருச்சு," என்றார் மாஸ்டர். அது பொய்யில்லை. இடுப்பு வலிக்கும் அளவுக்கு அவர் மிதித்திருந்தார்.

இன்சூரன்ஸ்காரர் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். ரிப்பேர் செலவு காரின் மதிப்பையே தாண்டிவிடும், அதனால் கணக்கில் இது செத்த வண்டி என்று சொல்லிவிட்டார். "நாங்களே எடுத்துக்கிட்டா முழுத் தொகையும் தருவோம். நீங்க வெச்சுக்கறதுன்னா கொஞ்சம் கழிச்சுக்கிட்டுத் தருவோம், சரி பண்ணி ஓட்டிக்கலாம். திங்கக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க சார்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் அவர் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. முழுத் தொகையை வாங்கினாலும் ரெட்டை பிரேக் வைத்த இன்னொரு கார் வாங்கக் கட்டுப்படியாகாது. கார் போனால் தொழில் போச்சு. போன் எடுத்து ஆட்களுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பதிலிருந்து காரைத் துடைப்பது வரை அந்தத் தொழிலில் அவளுக்கும் பாதி உண்டு. அவள் தம்பி வேறு, இதே மாடல் பழைய வண்டி ஒன்றிலிருந்து முன்பக்கத்தைக் கழற்றிப் பொருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தான். கூலி வேண்டாம் என்று சத்தியமே பண்ணிவிட்டான்.

"வெச்சுக்கறோம்னு ஒரு போன் போட்டுச் சொல்ல இவ்ளோ நாளா? என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"பாக்கலாம்," என்றார். அடிபட்ட அதிர்ச்சி இன்னும் போகவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவரை அரித்துக்கொண்டிருந்தது ஒரு செருப்பு. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், மாடிப்படி ஏறி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பாதி டீ குடித்திருப்பார். மனைவி ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இது யாரோடதுங்க, படியில கெடக்குது? ஒத்தச் செருப்ப மட்டும் வாசல்ல கழட்டிப் போட்டுட்டு ஒய்யாரமா வந்து உக்காந்திருக்கீங்களே, யார நெனச்சுக்கிட்டு வந்தீங்க?" இருவரும் சிரித்தார்கள். அவருக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போகிறதா என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், நல்லா இருக்கு," என்று இவரும் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார். நமக்குப் பயமாக இருக்கும் கேள்விக்கு இப்படித்தானே வாயில் வந்ததைச் சொல்கிறோம்!

சனிக்கிழமை பட்டறைக்குப் போனார். மச்சினன் உற்சாகமாக இருந்தான். வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து இணைத்து வைத்திருந்தான்.

"மூஞ்சிதான் மாமா போச்சு. பின்னாடி ஒரு கீறல் இல்ல. நீங்க உங்க எடத்துல உக்காந்து பிரேக்க மிதிங்க, நான் பின்னாடி போய் பிரேக் லைட் எரியுதான்னு பாக்கறேன்."

கதவு கோணிக்கொண்டு நின்றது. ஒருக்களித்து உள்ளே நுழைந்தார். பழக்கப்படி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், காலை நீட்டினார், நேரே பார்த்தார். எதிரே பட்டறைச் சுவர். மிதித்தார்.

"மிதிங்க மாமா."

"மிதிச்சுக்கிட்டுத்தான்டா இருக்கேன்."

"எங்க? எரியலையே."

"வயரு போயிருக்கும் பாரு."

மச்சினன் முன்னால் வந்து, இன்னொரு பக்கத்துக் கதவு வழியாகக் குனிந்து அவருடைய பிரேக்கைக் கையாலேயே அழுத்தினான். பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்ததை மாஸ்டர் கண்ணாடியில் பார்த்தார். "வயரெல்லாம் ஜோரா இருக்கு. இப்ப மிதிங்க," என்று மறுபடியும் பின்னால் போனான்.

மிதித்தார். தொடை இறுகியது. விபத்தன்று வலித்த அதே இடத்தில் இடுப்பு வலித்தது.

"மாமா, வெளையாடாதீங்க. வேலை கெடக்கு."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்து அவர் காலைக் குனிந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. பிரேக் தன் பாட்டுக்குச் சும்மா நின்றது. அதற்கு அந்தப் பக்கம், வெறும் தரையில், விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு அவர் பாதம் அழுத்திக்கொண்டிருந்தது. பிரேக்மேல் இருப்பதாகவே அவருக்கு இன்னமும் தோன்றியது.

கண்ணால் பார்த்துக் காலைத் தூக்கிப் பிரேக்மேல் வைத்தார். "இப்ப?" என்றார். "எரியுது." நிமிர்ந்து சுவரைப் பார்த்தபடி காலை எடுத்து, மறுபடி வைத்தார். "இப்ப?" "இல்ல மாமா." இன்னொரு தடவை. "இப்ப?" மச்சினன் மெல்ல நடந்து முன்னால் வந்து குனிந்து பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது.

"அன்னிக்கும் இப்படித்தான்டா மிதிச்சிருக்கேன்," என்றார் மாஸ்டர்.

அவன் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான். "மாமா, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். அக்காவுக்குக்கூட வேணாம். இந்த பிரேக்கக் கழட்டிட்டு நல்லா அகலமா ஒண்ணு வெட்டி வெச்சுத் தரேன். எங்க மிதிச்சாலும் அதுமேலதான் படும். ஒரு பய கண்டுபிடிக்க முடியாது."

கெட்ட எண்ணத்தில் சொன்னவன் இல்லை. அக்கா குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடக்கூடாதே என்ற பதைப்புதான். மாஸ்டர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்த அகலமான பிரேக்கைத்தான் மனசுக்குள் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். இரும்புத் தகடு, மேலே ரப்பர். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி அவருடைய மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போய்விட்டு முகம் வாடித் திரும்பினாள். "அந்தப் பொண்ணு ஒத்தக் கையால மாத்திரைய எண்ணிக் குடுக்குதுங்க. அவ வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போக வந்தவர், கடையில அத்தன பேர் முன்னாடியும், 'பிரேக்கு எதுன்னு தெரியாதவ கார் ஓட்டப் போனாளாம்'னு சொல்லிச் சிரிக்கறார். அது தலையே நிமிரல. இனிமே ஸ்டியரிங்கத் தொடவே மாட்டேன்னுச்சு. உங்க காரை நாசம் பண்ணிட்டேன்னு எங்கிட்ட மன்னிப்பு வேற கேக்குது, பாவம்."

மாஸ்டர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதையும் எடுக்கவில்லை.

"வண்டிய அவங்களே எடுத்துக்கிட்டுப் போகட்டும்," என்றார்.

"என்ன சொல்றீங்க?"

சொன்னார். செருப்பிலிருந்து ஆரம்பித்து, பட்டறையில் எரியாத விளக்கு வரை ஒன்றுவிடாமல் சொன்னார். அகலமான பிரேக்கை மட்டும் மச்சினனுக்காக மறைத்தார். அவள் தரையில் உட்கார்ந்து அவருடைய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உள்ளங்காலை நகத்தால் கீறினாள். "தெரியுதா?" அவர் தலையாட்டினார், இல்லை என்று. இன்னும் அழுத்திக் கீறினாள். "இப்ப?" பிறகு அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே அழுதாள். "இனிமே நம்ம கதி என்னங்க?"

"அந்தத் தூணு எடத்துல ஒரு ஆள் நின்னிருந்தா?" என்று மாஸ்டர் கேட்டார்.

திங்கட்கிழமை காலையில் இன்சூரன்ஸ்காரருக்குப் போன் செய்து, காரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். விபத்து எப்படி நடந்தது என்பதையும் திருத்திச் சொன்னார். அதையும் எழுதிக்கொள்கிறேன், தொகை விஷயத்தில் என்ன சொல்வார்களோ தெரியாது என்றார் இன்சூரன்ஸ்காரர். "எழுதிக்கங்க," என்றார் மாஸ்டர்.

சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் மருந்துக்கடை வாசலில் போய் நின்றார். அவள் ஒற்றைக் கையால் ஷட்டரை இழுக்கத் திணறிக்கொண்டிருந்தாள். இவர் போய் இழுத்துவிட்டார். அங்கேயே, நின்றபடியே சொன்னார்.

"நீங்க மாத்தி மிதிச்சது நெசம்தாங்க. கத்துக்க வர்றவங்க எல்லாரும் மாத்தித்தான் மிதிப்பாங்க. அதுக்குத்தான் என்னை அந்தப் பக்கம் உக்கார வெச்சிருக்கு. மிதிக்க வேண்டியவன் நான். நான் தரைய மிதிச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் சாவியை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "அன்னிக்கே ஏன் சொல்லல மாஸ்டர்?"

"அன்னிக்கு எனக்கே தெரியாதுங்க."

"தெரியாதா?"

அந்த ஒரு வார்த்தை அவரைக் குத்தியது. "தெரிஞ்சுக்கப் பயந்துட்டேன்," என்றார்.

அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? இத்தனை நாளும் தலைகுனிந்து நின்றவள் அவள்தானே. சாவியைப் பைக்குள் போட்டாள். "இதை எங்க வீட்டுக்கு வந்து, அவர் முன்னாடி சொல்லுங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லணும்."

"வாங்க, போலாம்."

அவள் முன்னால் வேகமாக நடந்தாள். மாஸ்டர் பின்னாலேயே போனார். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். தெருமுனையில் திரும்பும்போது அவர் வருகிறாரா என்று அவள் நின்று பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தவள் பிறகு கீழே பார்த்தாள்.

"மாஸ்டர், இன்னொரு செருப்பு எங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். வெகுதூரம் பின்னால், நடுத்தெருவில் அது கிடந்தது. ஒரு வேன் அதைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பி நடக்கப் போனார். "இருங்க," என்று தடுத்துவிட்டு அவளே போய், கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி குனிந்து அதை எடுத்து வந்து அவர் காலடியில் போட்டாள். அவர் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை நுழைத்தார்.

"மாட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லி, மாஸ்டர் குனிந்து பார்த்தார்.