கயிறு இறுக்காத கூடாரம்

காலை ஆறு ஐம்பத்தைந்து. ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது எதிர் லயத்து வரிசை வீட்டு வாசலில் ஏறிக்கொண்டிருந்த நீலக் கூடாரம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதை மலாய் மொழியில் கெமா என்பார்கள். சாவு விழுந்த வீட்டுக்கு முதலில் வருவது அதுதான். மலையில் மழை எப்போது வருமென்று தெரியாது. வருகிறவர்கள் நனையக் கூடாது. அதனால் கோயில் கொட்டகையிலிருந்து அதைத் தூக்கிவர யாரும் யாரையும் கேட்பதில்லை.

அந்த வீட்டில் தாய் மட்டும்தான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை. ஒரே மகள் ஆஸ்திரேலியாவின் வட பகுதியில், ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில், முதியோர் இல்லத் தாதி.

கோயில் தலைவர் கைப்பேசியோடு என் வாசலுக்கு வந்தார். "ஆறு ஒடச்சிக்கிச்சாம் சார். அந்த ஹோம்ல இருந்த அத்தன பேரும் போய்ட்டாங்களாம். மூணு பேப்பர்ல வந்துருச்சு லா, பொய்யா இருக்குமா?"

கைப்பேசியை வாங்கி மூன்றையும் பார்த்தேன். இரண்டு தமிழ்த் தளங்கள், ஓர் ஆங்கிலத் தளம். மூன்றிலும் அதே நான்கு பத்திகள், அதே படம். எழுதியவர் பெயர் ஒன்றிலும் இல்லை. படத்தில் பாதி மூழ்கிய லாரிக்கு ஸ்டீரிங் இடது பக்கம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் நம்மைப் போலவே வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள்.

"இது மூணு பேப்பர் இல்ல. ஒண்ணு எழுதினத மத்த ரெண்டும் எடுத்துப் போட்டிருக்கு" என்றேன்.

கோலாலம்பூரில் ஒரு பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்தி மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். மனைவிக்குத் தோட்டத்துப் பள்ளியில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். இன்றும் காலையில் ஐந்தாறு நாட்டுப் பத்திரிகைகளைத் திறக்காமல் தேநீர் இறங்காது. ஒவ்வொன்றிடமும் கேட்பது ஒரே கேள்விதான்: அங்கே நின்று பார்த்தது யார்?

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். தாய் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மகளின் எண்ணை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள். வெளியே பையன்கள் கூடாரத்தின் கால்களை நிமிர்த்தும் சத்தம் கேட்டது.

"கயித்த இறுக்காதீங்கடா! இன்னும் சேதி வரல" என்று உள்ளிருந்தே கத்தினாள்.

"காத்தடிக்குது அக்கா, பறந்துரும்" என்றார் தலைவர்.

"பறந்தா பறக்கட்டும். உங்க வீட்டு வாசல்ல போய்க் கட்டிக்குங்க."

லண்டன் பத்திரிகையில் வெள்ளம் இருந்தது; இறப்பு பற்றி "தகவல்கள் கூறுகின்றன" என்பதோடு சரி. யாருடைய தகவல் என்று இல்லை. சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒரு செய்தி நிறுவனத்தை மேற்கோள் காட்டி, மாவட்டத்தில் இருவர் காணவில்லை என்றது. இல்லத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆஸ்திரேலியாவின் பெரிய பத்திரிகை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படம் போட்டிருந்தது. மேலிருந்து பார்த்தால் கூரைகள்தான் தெரியும்.

ஆகவே அந்த ஊரின் பத்திரிகையையே தேடினேன். வாரம் ஒரு தடவை வருவது; கால்பந்து முடிவும் மாட்டுச் சந்தையும்தான் வழக்கமான செய்தி. அன்று மட்டும் மணிக்கு மணி எழுதியிருந்தார்கள். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எந்தப் பாலம் மூடியது, எல்லாம் இருந்தது. அங்கே நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால். கடைசிப் பதிவு போட்டு அரை மணிகூட ஆகவில்லை. நிருபர் ஒரு பெண். மேட்டுப் பள்ளியின் மண்டபத்தில் நின்று எழுதியிருந்தாள்: முதியோர் இல்லத்தில் இருந்த எல்லாரையும், ஊழியர்கள் உட்பட, இரவே மூன்று பேருந்துகளில் அங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு முதியவருக்குக் குளிர்க் காய்ச்சல். ஊரில் மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை.

தமிழில் சொன்னேன்.

"எம் மவ பேரு போட்டிருக்கா?"

"இல்லம்மா. ஊழியர் எல்லாரும்னு போட்டிருக்கு. அதுக்கு மேல நான் சொன்னா என் சொந்தக் கதையாயிரும்."

"அந்தப் பொண்ணு நேர்ல பாத்தாளா?"

"பாத்தா."

அவள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அரிசி கழுவ எழுந்தாள். கூடாரத்தைப் பிரிக்கச் சொல்லவில்லை. சாவுக்குக் கட்டியதைச் சும்மா பிரிக்கலாமா என்று வாசலில் ஒரு வாக்குவாதம் நடந்தது. முடிவு வரும் முன் மழை வந்துவிட்டது. எல்லாரும் அதற்குள்ளேயே நின்றார்கள்.

பகல் இரண்டு மணிக்கு மேல், அறியாத எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. தலை கலைந்து, யாரோ கொடுத்த பெரிய சட்டையில் மகள். தாய் வாசலில் நின்று பேசினாள்.

"ஏம்மா, பின்னால கெமா தெரியுது? யாரு செத்தா?"

"யாரும் சாவல. மழைக்குக் கட்டியிருக்கோம். நீ சாப்ட்டியா?"

மறுநாள் அந்த ஊர்ப் பத்திரிகை செய்தியின் அடியில் ஒரு திருத்தம் போட்டிருந்தது: முதியவர்களை ஏற்றிச் சென்றவை மூன்று பேருந்துகள் அல்ல, இரண்டு.