முப்பத்தேழாம் எண் புத்தகம்

பிள்ளைகளே, நம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் பதினொரு புத்தகங்களை உங்களை நான் தொட விட்டதில்லை. எல்லாம் அரசியல் தலைவர்கள் எழுதியவை. கொஞ்சப் பிரதிகளே அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, கையெழுத்தோடு கொடுப்பார்கள்.

லூனாஸிலோ அலோர் ஸ்டாரிலோ நூல் வெளியீடு என்றால் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டுப் போவேன். முந்தின வாரமே சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு மேடையில் கூப்பிடுவார்கள். பண உறையைத் தட்டில் வைத்து, தலைவர் கையால் புத்தகத்தை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவனுக்கு ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்பது பெரிய விஷயம். முன்னுரையைத் தாண்டி ஒன்றையும் நான் படித்ததில்லை.

முப்பத்தேழாம் எண் புத்தகத்தில் 'அன்புச் சகோதரருக்கு' என்று என் பெயரோடு எழுதியிருந்தது. அதை எழுதிய தலைவருக்கு என்னைத் தெரியும் என்று நம்ப எனக்கு அது போதுமாக இருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் மூத்தவளுக்கு இடம் கிடைக்காத வருடம் அது.

"அப்பா, திரும்ப இடம் கேட்டு ராயுவான் மனு ஆன்லைன்ல போடணுமாம். டீச்சர் சொன்னாங்க. என் சர்டிபிகேட்லாம் கொடுங்க."

"மனு கினுலாம் வேணாம்மா. தலைவருக்கு நம்மளத் தெரியும். நான் நேர்ல பேசிக்கிறேன்."

சான்றிதழ்களைப் பையில் பூட்டி வைத்துக்கொண்டேன். தலைவரின் சேவை மையத்தில் கேட்டபோது, அவர் வெளியூரில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். காத்திருந்தேன். அடுத்த வாரம் புத்தகத்தோடு சேவை மையத்துக்குப் போனபோதும் தலைவர் இல்லை. உதவியாளர்தான் இருந்தார், என்னைவிடச் சின்னவர். புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, இது என் கையெழுத்துலா. தலைவருக்குக் கை வலி. பாதி புக்குல நான்தான் போட்டேன்."

"என் பேரு எழுதியிருக்கே, தம்பி."

"நீங்க கொடுத்த சீட்டப் பாத்து எழுதுனதுதான். அது கெடக்கட்டும், ராயுவான் நம்பர் கொடுங்க."

"போடல."

"போடலயா? நேத்தோட முடிஞ்சிருச்சே அண்ணே. இனிமே யார் வந்தாலும் ஒண்ணும் நடக்காது."

வீட்டு வாசலிலேயே மூத்தவள் நின்றிருந்தாள்.

"தலைவர் என்னப்பா சொன்னாரு?"

"பாக்கறேன்னு சொன்னாரு."

இரண்டு வாரம் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். பிறகு அவளாகவே பள்ளியில் ஆறாம் படிவத்தில் சேர்ந்துகொண்டாள். மனு போட்ட அவள் தோழிக்கு இடம் கிடைத்தது. மூத்தவள் ஆறாம் படிவத்தோடு நின்று, இன்று சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். தொலைக்காட்சியில் அந்தத் தலைவர் முகம் வந்தால், "வாக்குக் கொடுத்துட்டு ஏமாத்துன ஆளு" என்று திட்டுவாள். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

மகளே, அந்த ஆள் உனக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. நீ இருப்பதே அவருக்குத் தெரியாது. உன் சான்றிதழ்களைப் பூட்டி வைத்தவன் நான். இனி திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு.