அன்றைக்கு விட்ட மாத்திரை

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் வேடசந்தூர் பஸ்ஸுக்காக நிற்கும்போது, தம்பி சேவியர் வலிப்பு வந்து விழுகிறான். யாரோ அவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வருகிறார். கொய்யாப்பழம் விற்கும் அம்மா அவரை விலக்கிவிட்டு, தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் சும்மாட்டுத் துணியை மடித்து வைக்கிறார்.

"எம் மகளுக்கும் இது இருக்குத்தா. செத்த நேரத்துல நின்னுரும். மாத்திரை போட்டுச்சா தம்பி?"

"இல்லம்மா. பொண்ணு பார்க்கப் போற எடத்துல தூங்கி வழிவான்னு, நாந்தான் இன்னிக்கு ஒருநாள் வேணாம்னு சொன்னேன்."

"பயணம் போற அன்னிக்கா தாயி விடுறது?"

உதறல் நின்று, தம்பி மெல்லக் கண் விழிக்கிறான். சுற்றி நிற்கும் கூட்டத்தையும், மண் அப்பிய புதுச்சட்டையையும் பார்க்கிறான்.

"மன்னிச்சிரு அக்கா," என்கிறான் என்னிடம்.