விரதக்காரன் அறை

என் மகனுக்கு நாற்பத்தொரு வயது. தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அந்த வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப் போவதாகவும் நாற்பத்தெட்டு நாள் விரதம் என்றும் சொன்னான். எங்கள் அடுக்குமாடி முழுக்கக் கேட்கும்படி நான் பெருமையடித்தேன். தனி அறை, தனித் தட்டு, தரையில் பாய். பெண்டாட்டிகூட உள்ளே போகக்கூடாது என்று அறை வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தவள் நான்தான். கட்டிப்போட்ட நாய்கூட அவ்வளவு விசுவாசமாக இருந்திருக்காது.

அவன் சோற்றைத் தொடவில்லை. கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போனது. எவ்வளவு கடுமையான விரதம் என்று அண்டை வீட்டார் வியந்தார்கள். இரண்டு பேர் அவன் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார்கள். இப்போது நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

மருமகள் மட்டும் ஒரு நாள் சமையலறையில் வந்து நின்றாள்.

"அத்தை, இது விரதம் இல்ல. மூணு நாளா தூங்கல அவரு. ஒரே காத்தாடியக் கழட்டிக் கழட்டி மாட்டுறாரு. சியாபு போதைமருந்து அடிக்கிறவங்க இப்படித்தான். எங்க ஃபேக்டரியிலயே பாத்திருக்கேன்."

சாமி காரியத்தில் வாய் வைக்காதே, பொறுக்காவிட்டால் அக்கரையில் பாகான் டாலாமில் உன் அம்மா வீட்டுக்குப் போ என்றேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

காவடியோடு அவன் சுமக்க வேண்டிய பாலுக்கான பித்தளைக் குடம் அவன் அறையில் இருந்தது. பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அவன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், புளி போட்டுத் தேய்க்கலாம் என்று எடுத்தேன். உள்ளே ஏதோ உருண்டது. மூடியில் ஓட்டை போட்டு ஸ்ட்ரோ சொருகிய தண்ணீர்ப் போத்தல், கருகிய கண்ணாடிக் குழாய், பிளாஸ்டிக்கில் மடித்த கல்லுப்பு மாதிரி ஒன்று. முருகனுக்குப் பால் சுமக்கும் குடத்தில்.

திரும்பி வந்தவன் மேசைமேல் அதைப் பார்த்துவிட்டு அழுதான். மூக்கு ஒழுக அழும் நாற்பத்தொரு வயது ஆம்பிளையைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

"தைப்பூசம் முடியட்டும்மா. காவடி எடுத்திட்டு மறுவாழ்வுக்கு நானே போறேன் லா. இப்பப் போனா ஊரே சிரிக்கும்."

என்னை எங்கே தொட்டால் சாய்வேன் என்று அவனுக்குத் தெரியும். கையில் இருந்த கோப்பி ஆறும்வரை நானும் யோசித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

"எந்த மூஞ்சியோட முருகன் முன்னால நிப்ப? காலுல சிலுவாரை மாட்டு. இப்பவே போறோம்."

போதை மறுவாழ்வு அலுவலகத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். சாட்சிக்கு எழுத்துக் கூட்டி என் பெயரை எழுதினேன்.

பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் எங்கள் மாடிப் பெண்கள் காவடி எங்கே என்று கேட்டார்கள். சியாபு அடித்தான், கொண்டுபோய் விட்டுவிட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன். அவன் கையால் திருநீறு வாங்கியவர்களில் ஒருத்தி மோரைக் குனிந்து பார்த்தாள். இன்னொருத்தி, தன் மகன் மெலிவதற்குச் செய்வினைதான் காரணம் என்று ஆறு மாதமாகச் சொல்லித் திரிந்தவள், கூட்டத்தை விட்டு என் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, அந்த ஆபீசு எங்க இருக்கு?"

வழி சொன்னேன். அவள் என்னைவிட மட்டம் என்று நினைக்க ஆசைதான், முடியவில்லை.

மறுநாள் ஃபெர்ரி ஏறிப் பாகான் டாலாம் போனேன். மருமகள் கதவைத் திறந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நாற்காலியும் கேட்காமல் அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.