மூன்று மாத மெழுகு

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கடைக்குள் நுழையும்போதே எனக்கு ஓட்டி வந்த பயம் அடங்கியிருக்கவில்லை. ராஜபாளையத்திலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாத தூரம்தான். ஆனால் காரை நான் தனியாக ஓட்டி வந்தது அன்றுதான் முதல் தடவை. பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹாரனில் பாதி உயிர் போயிருந்தது. மீதி உயிரோடு வண்டியைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கார்களைக் கழுவி, மெருகேற்றி, பெயிண்டுக்குப் பாதுகாப்பாக எதையாவது பூசித் தரும் கடை அது.

வண்டி என் கணவருடையது. ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கிறார். போன லீவில் வந்தபோது ஆசை ஆசையாக வாங்கினார். கறுப்பு. என் அத்தை, அதாவது அவருடைய அம்மா, கறுப்பு வேண்டாமே என்று இழுத்தார். இவர் சிரித்துக்கொண்டே கறுப்பையே வாங்கி, கோயில் வாசலில் நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கி, எனக்கு ஸ்டியரிங் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார். லீவு முடிய இன்னும் பதினைந்து நாள் இருக்கும்போது உடனே வரச்சொல்லி யூனிட்டிலிருந்து போன் வந்தது. மறுநாள் ரயிலேறிவிட்டார். போய்ச் சேர்ந்ததும் போனில் சொன்ன முதல் விஷயமே வண்டியைப் பற்றித்தான்.

“மில்லுப் பஞ்சும் போர்த் தண்ணியும் பட்டா பெயின்ட் செத்துரும் பாத்துக்க. நல்லா நாள்பட நிக்கிறதா ஒண்ணப் பாத்துப் போடு. நான் வரும்போது வண்டி இப்படியே இருக்கணும்.”

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் நூற்பு மில். காலையில் எழுந்து பார்த்தால் வண்டி மேல் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். வீட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் காய்ந்த இடமெல்லாம் உப்பு வட்டம். பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் உட்காரும் காக்கைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைக்காரர் மேஜை மேல் மூன்றை எடுத்து வைத்தார். தட்டையான ஒரு டப்பாவில் மெழுகு. ஒரு பாட்டிலில் சீலன்ட் என்ற செயற்கைப் பூச்சு. மூன்றாவது சென்ட் பாட்டில் அளவுக்குக் கண்ணாடிக் குப்பி. அதுதான் செராமிக் கோட்டிங்காம், பெயின்ட் மேல் கண்ணாடி மாதிரி இறுகிக்கொள்ளுமாம். நான் கேட்டது ஒரே கேள்வி.

“எம்புட்டு நாளைக்கு நிக்கும்?”

மெழுகு இரண்டு மாதம், மிஞ்சிப்போனால் மூன்று. சீலன்ட் ஆறேழு மாதம். கோட்டிங் என்றால் மூன்று வருஷம் தாங்கும், ஆனால் வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போக வேண்டும், அதற்குப் பிறகு ஒரு வாரம் தண்ணீர் படக்கூடாது. மூன்று வருஷம் என்ற சொல்லே எனக்கு ஆகவில்லை.

எங்கள் வீட்டில் ஒருவர் ஊருக்குக் கிளம்பிவிட்டால் அன்று வீட்டைப் பெருக்க மாட்டோம், அவர் கழற்றிப் போட்ட துணியைத் துவைக்க மாட்டோம். போய்ச் சேர்ந்தேன் என்று சேதி வந்த பிறகுதான் விளக்குமாற்றையே தொடுவோம். போகிறவரும் ‘வாரேன்’ என்பாரே தவிர ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார். இப்படி வார்த்தைக்கு வார்த்தை பயந்து வாழ்கிற வீட்டில், மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போன மனுஷனின் வண்டிக்கு மூன்று வருஷப் பூச்சைப் பூசுவதா? அவர் வர மாட்டார் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? குப்பியைக் கையில் எடுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

“அக்கா, கறுப்பு வண்டி. வாக்ஸ் போட்டா மூணு மாசத்துக்கு ஒருக்கா நீங்கதான் கெடந்து தேய்க்கணும்” என்றார் கடைக்காரர்.

மூன்று மாதம் நின்றால் போதும் என்றேன். வண்டியை விற்கப்போகிறேன் என்று நினைத்திருப்பார். மேலே ஒன்றும் கேட்காமல் டப்பாவைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு நானே மெழுகைப் பூசினேன். எனக்கு வேலை தளவாய்புரத்தில், நைட்டி தைக்கிற கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற துணியில் கறை, ஓட்டை, விட்டுப்போன தையல் எல்லாம் கண்டுபிடிப்பது. குறை தேடித் தேடியே பழகிய கண் இது. பானெட், கதவு, கூரை என்று ஒவ்வொரு பாகமாக மெல்லிசாகத் தடவி, வெளுத்துக் காயவிட்டு, பனியன் துணியை விட மென்மையான துணியால் துடைத்தெடுத்தேன். முடித்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்தேன். முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடியது. அந்த நேரம் பார்த்து அவர் போனும் வந்தது.

வினையே அதில்தான் ஆரம்பித்தது. மறுநாள் காலையிலும் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். முத்து நின்றது, சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மெழுகைச் சோதிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதைச் சோதித்தேன் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்தவள், தண்ணீர் ஏன் உருளுகிறது என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள், பல் தேய்ப்பதற்கு முன்னால் செம்போடு போய்க் கார் பானெட்டில் குறி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மாதம் எல்லையில் பதற்றம் என்று டி.வி.யில் ஓட ஆரம்பித்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். ஒரு நாள் ஆறு மணிக்குப் போன் வரவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. நான் கூப்பிட்டால் ஹிந்தியில் ஒரு பெண் என்னவோ சொன்னாள். விடிந்ததும் விடியாததுமாக ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தேன். முத்து நிற்கவில்லை. தண்ணீர் அப்படியே சப்பென்று பரவி, ஈரத் துணியைப் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. கூரையில் தெளித்தேன், கதவில் தெளித்தேன். எங்கேயும் நிற்கவில்லை.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மெழுகு போட்டு ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு மாதமாவது நிற்கும் என்று சொன்னதற்கு ஒரு வாரம் பாக்கி இருந்தது. முந்தின நாள் காலையில்கூட நன்றாக நின்றது. ஒரே நாளில் எப்படிப் போகும்? எனக்கு ஒரே பதில்தான் தோன்றியது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, இப்போதும் எழுதக் கை வரவில்லை.

ஒன்பது நாள் அப்படிப் போனது. டப்பாவில் மெழுகு மிச்சமிருந்தும் மறுபடி பூசவில்லை. பூசினால் பொய்க்கு முத்து நிற்கும், அது வேண்டாம் என்று ஒரு வீம்பு. வேலைக்குப் போனேன், கறையோடு போன நைட்டிகள் எத்தனையோ, யார் வீட்டில் யார் உடுத்துகிறார்களோ. வீட்டில் அத்தையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. சோற்றைப் போட்டு வைப்போம், மூடி வைப்போம்.

எட்டாம் நாள் காலை, வண்டியின் தூசியைத் தட்டிக்கொண்டு நிற்கையில் ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து எங்கள் வாசலில் நின்றார். கூமாப்பட்டியில் எங்கள் சொந்தத்தில் ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டுக்குச் சேதி அப்படித்தான் வந்தது. போன் வருவதற்கு முன்னால் ஒரு காக்கிச்சட்டை வந்து இறங்கியது. நான் துணியைக் கீழே போட்டேன். உள்ளே அத்தை வாசற்படி வரை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டார். போலீஸ்காரர் நிதானமாக ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் கேட்டது மூன்றாவது வீட்டை. அந்த வீட்டுப் பையனுக்குப் பாஸ்போர்ட் விசாரணை. எனக்கு விரலைத்தான் காட்ட முடிந்தது. அவர் போன பிறகும் நீட்டிய விரலை மடக்கவில்லை என்று அத்தைதான் வந்து கையைப் பிடித்து இறக்கினார்.

பத்தாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. சிக்னல் இல்லாத இடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம், நன்றாக இருக்கிறாராம். குரல் கம்மியிருந்தது, கேட்டால் சளி என்றார். நான் அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன். வண்டிக்கு என்ன போட்டாய் என்று கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் போட்டேன் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

போனை வைத்த பிறகுதான் அத்தையிடம் மெழுகைப் பற்றிச் சொன்னேன். ஒரே நாளில் போய்விட்டது என்றேன். அத்தை தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான்தாண்டி கழுவுனேன். அன்னிக்கு நீ வேலைக்குப் போன பொறவு டி.வி.யில என்னத்தையோ காட்டுனான். சும்மா இருக்க முடியல. எம்பிள்ள வண்டியாச்சேன்னு பாத்திரம் வெளக்குற சோப்பத் தண்ணில கலந்து நல்லாத் தேச்சுக் கழுவுனேன்.”

எண்ணெய்ச் சட்டியின் பிசுக்கையே எடுக்கிற சோப்பு, மெழுகை விட்டு வைக்குமா? ஒன்பது நாள் நான் செத்துச் செத்துப் பிழைத்ததற்குக் காரணம் எலுமிச்சை வாசத்தோடு அடுப்படியில் இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அத்தையின் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து இன்னும் ஆறாமல் கிடந்ததைப் பார்த்தேன். தேய்த்த தேய்ப்பு அப்படி. நான் தண்ணீர் தெளித்துப் பயந்தேன், அவர் கழுவிப் பயந்திருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கணவர் லீவில் வர அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஆனது. வந்தவர் முன்னைப் போல இல்லை. சாப்பிட்டார், தூங்கினார், தெருவில் பட்டாசு வெடித்தால் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றார். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெருகு மங்கிவிட்டதே, நீ பூச்சு வாங்கிய அந்தக் கடைக்கே போவோம் என்று கிளப்பினார்.

வழியெல்லாம் எனக்குப் பயம், ஆனால் இது வேறு பயம். பொய் வெளியே வந்துவிடும். வரட்டும் என்றும் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார், ஏட்டி நீ படிச்சவதானா என்று கேலி பேசுவார், மூன்று வருஷப் பூச்சையே போடச் சொல்லுவார், அந்தச் சிரிப்பில் என் பயமெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். அவருக்குப் பயமில்லை என்பதை நம்பித்தானே நான் இத்தனை வருஷமும் பயந்துகொண்டிருந்தேன்.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அக்கா அன்றைக்கு வாக்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டு போனார் என்று சிரித்தபடி சொல்லிவிட்டார். என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, கேள்வியும் இல்லை. மேஜையில் அதே டப்பா, அதே பாட்டில், அதே குப்பி.

“எம்புட்டு நாளைக்கு நிக்கும்?” என்று கேட்டார்.

கடைக்காரர் எனக்குச் சொன்ன அதே கணக்கைச் சொன்னார். என் கணவர் குப்பியைத் தொடவில்லை. டப்பாவை எடுத்தார், திருகித் திறந்தார், மூடினார். அவருடைய கட்டைவிரல் மூடி மேலேயே கிடந்து தேய்த்துக்கொண்டிருந்தது.

“வாக்ஸே இருக்கட்டும்” என்றார். “அடுத்த லீவு வரைக்கும் நின்னாப் போதும்.”

போலீஸ்காரர் ஹெல்மெட்டைக் கழற்றியபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை. நாள்பட நிற்பதாகப் பார்த்துப் போடு என்று சொன்ன வாய் இது. சிக்னல் இல்லாத அந்த இடத்தில் என்ன பார்த்தாரோ, எதைத் தாண்டி வந்தாரோ, மூன்று வருஷம் என்ற வார்த்தையை அவராலும் தொட முடியவில்லை. என்னைக் கேலி பேச ஆளில்லை. நான் சாய்ந்து நின்ற சுவர் என்னோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பேருமே பயந்தால் ஆகாது என்று மட்டும் தோன்றியது.

“தம்பி, மூணு வருசத்துக்குள்ளதையே போடுங்க” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். “அது தேயும்போது இவுகதான் வந்து மறுபடி போடச் சொல்லுவாக.”

அவர், “ஏட்டி...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினார். வண்டியைக் கடையில் விட்டுவிட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கையும் வேர்த்திருந்தது.

பூச்சு போட்டு ஒரு வாரம் தண்ணீர் படக்கூடாதே, அந்த வாரம் முடிவதற்கு முன்னாலேயே அவர் லீவு முடிந்துவிட்டது. ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் தண்ணீரை நான்தான் ஊற்றினேன், அத்தை பக்கத்தில் நின்று பார்த்தார். மெழுகில் நின்றதை விட உருண்டையாக, கண்ணாடிக் கோலிக்குண்டு மாதிரி நின்று ஓடியது.

இப்போதும் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் தெளிக்கிறேன், பழக்கத்தை விட முடியவில்லை. போன் வந்த நாளும் முத்து நிற்கிறது, வராத நாளும் நிற்கிறது. அது எனக்கு இனி ஒன்றும் சொல்லாது. நேற்றும் முந்தாநாளும் ஆறு மணிக்குப் போன் வரவில்லை.