அடுத்தடுத்து மூன்று பாட்டு

இன்று காலை இணுவில் மில்லில் மிளகாய் அரைக்கக் காத்திருந்தேன். வானொலியில் மரண அறிவித்தல் முடிந்ததும், நம் எல்லோருக்கும் பிடித்த அந்த மெல்லிசைப் பாடகியின் பாட்டு வந்தது.

அது முடிய, அவருடையதே இன்னொன்று. பிறகு மூன்றாவது.

மில்கார அண்ணை இயந்திரத்தை நிறுத்திவிட்டார். போன மாதம் ஒரு பாடகர் இறந்தபோதும் வானொலியில் இப்படித்தான் அடுத்தடுத்துப் போட்டார்கள்.

"ஐயோ, அவவுக்கு என்னவோ நடந்திட்டுது," என்றார் பக்கத்தில் நின்ற மணியக்கா.

"வாயை மூடுங்கோ அக்கா. பாட்டு முடியட்டும்," என்றார் அண்ணை.

அந்தப் பாட்டு முடியவே கூடாது என்று நல்லூர்க் கந்தனை வேண்டினேன்.

முடிந்தது. அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"இன்று பிறந்தநாள் காணும் பாடகிக்கு எங்கள் வாழ்த்துகள்."

"உவனை உந்த மில்லுக்குள்ளை போட்டு அரைக்க வேணும்!" என்று அண்ணை வானொலியைப் பார்த்துக் கத்தினார். மணியக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிளகாய்த்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்றார். இயந்திரமோ இன்னும் ஓடவில்லை.

வாழ்த்தை முதலில் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டால் என்ன?

அந்த மூன்று பாட்டையும் கேட்டுப் பயந்து நின்றதில் உங்கள் வீட்டு அடுப்பில் என்ன கருகியது, தோழிகளே?