கை பழகிடும்

கொட்டாஞ்சேனையில் கிட்டார் திருத்தும் அந்த மனிதரிடம் அவசரத்துக்குப் போகவே கூடாது. மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலைப் பழைய தந்தியால் கட்டியிருப்பார். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

தந்தி முறுக்கும் கீகள் தேய்ந்துவிட்டன என்று மாற்றக் கொடுத்தேன். வலப்பக்கக் கீகளை இடப்பக்கமும், இடப்பக்கத்தவற்றை வலப்பக்கமும் பூட்டித் தந்தார். இறுக்கினால் தந்தி தளர்ந்தது.

"அங்கிள், மாறிச் சுத்துது! நாளைக்குச் சேர்ச் பூசையில கிட்டார் அடிக்கோணும்."

கண்ணாடியைத் துடைத்தார். "திரும்பக் கழட்டினா ஆணி ஓட்டை பெருசாகிடும், மகன். நீங்க மற்றப் பக்கம் சுத்துங்க. கை பழகிடும்."

பாழாய்ப்போன கை பழகியேவிட்டது. இப்போது பாடகர் குழுவில் யாருடைய கிட்டாரைத் தொட்டாலும், தளர்த்துவதாக நினைத்து இறுக்கித் தந்தியை அறுத்துவிடுகிறேன்.

புதுத் தந்தி போட எல்லோரும் அவரிடம்தான் போகிறார்கள்.